இதயத்தை இழுக்கும் ஒற்றை மூலக்கூறு

விளையாட்டுத் திடலில் இளம் பிள்ளையொன்று திடீரென விழுந்து இறந்ததாக இடையிடையே கேள்விப்படுகின்றோம். "நல்லாத்தானே இருந்த பிள்ளை" என்று மனம் வருந்துவதோடு விட்டுவிடுகின்றோம். இத்தகைய மரணங்களின் காரணங்களுள் ஒன்று, இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்துப்போகும் நோய். ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இது உண்டு எனக் கணிக்கப்படுகின்றது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவரிடம் அந்தப் பரம்பரை அலகுக் குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கடத்தப்படும் வாய்ப்பு சரிபாதி.

இந்நோய்க்கு இப்போது வந்துள்ள ஒரு மருந்தின் கதை பௌதிக ஆய்வுகூடத்தில் தொடங்குகின்றது. 1986இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆர்தர் ஆஷ்கினும் சகாக்களும், கூராகக் குவித்த லேசர் ஒளியால் மிகச் சிறிய மணிகளைப் பிடித்து வைக்கலாம் என்று காட்டினர். ஒளியாலான சாவணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக 2018இல் ஆஷ்கினுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 96!

தசையைச் சுருக்குவது மயோசின் என்னும் புரதம். அது அக்ரின் என்னும் புரத இழையைப் பற்றி இழுக்கின்றது. 1994இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸ்புடிச் குழுவினர், ஓர் அக்ரின் இழையின் இரு முனைகளையும் ஒளிச் சாவணத்தால் பிடித்து, ஒரேயொரு மயோசின் எவ்வளவு இழுக்கின்றது என்று அளந்தனர். சராசரி 11 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர். நமது இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் இப்படியான கோடானுகோடி இழுப்புகளின் கூட்டு.

எல்லா மயோசின்களும் எப்போதும் இழுப்பதில்லை. ஒரு பகுதி மடிந்து ஓய்வில் இருக்கும். தடித்த இதயத்தில் ஓய்வெடுக்க வேண்டியவையும் எழுந்து இழுக்கின்றன என்பதே இன்று வலுப்பெற்றுள்ள விளக்கம். அதனால் இதயம் மிகையாகச் சுருங்கி, சரியாகத் தளர முடியாமல் திணறுகின்றது. இப்போது நோயாளியின் தோல் அல்லது குருதிக் கலங்களை இதயத் தசைக் கலங்களாக மாற்றி, அவை தட்டில் துடிக்கும்போதே விசையை அளக்கின்றார்கள்.

இழுக்கும் மயோசின்களைக் குறைக்கும் மருந்துதான் மவகம்ரென். 2022 ஏப்ரலில் அமெரிக்காவிலும் 2023இல் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. தடிப்பினால் குருதி வெளியேறும் வழி அடைபட்ட வளர்ந்தோருக்கே இது அனுமதிக்கப்பட்டது. இதயத்தின் பலத்தை மிகையாகக் குறைத்துவிடலாம் என்பதால் அடிக்கடி எக்கோ ஸ்கான் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஒமெப்பிரசோல் போன்ற சாதாரண வயிற்று மருந்துகூட இதனுடன் மோதும்.

எம்மவர்க்கு இதில் தனி அக்கறை உண்டு. மயோசினைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் ஒரு புரதத்தின் பரம்பரை அலகில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை, இந்திய உபகண்டத்தவரில் ஏறத்தாழ 4 வீதத்தினரிடம் இருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு அறிவித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் பங்காற்றினர். ஆனால் 2020இல் வெளியான மறு ஆய்வு, இந்தக் குறை மட்டும் தனித்து நோயை உண்டாக்குவதாகத் தெரியவில்லை, அதனுடன் சிலரிடம் சேர்ந்து வரும் வேறொரு மாற்றமே முக்கிய காரணம் என்று காட்டியது. ஆகவே "எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதயக் கோளாறாம்" என்று கைத்தொலைபேசியில் சுற்றிவருவதை நம்பவேண்டாம்.

ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கல் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் தாமதியாது சொல்லுங்கள். ஈ.சீ.ஜீ.யும் எக்கோ ஸ்கானும் வலியில்லாத சோதனைகள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், ஒருமுறை பார்த்து நன்றாக இருக்கின்றது என்று விட்டுவிடக் கூடாது. வளரும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை மீண்டும் பார்க்கவேண்டும்.

வைத்தியரிடம் போகுமுன் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். இளவயதில் காலமான சித்தப்பா, மாமா யார், எத்தனை வயதில், என்ன செய்துகொண்டிருந்தபோது என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.