வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தேன்!



மேடையைக் கண்டால் ஒலிபெருக்கியைத் தேடுகிறவன் நான். அப்படிப்பட்டவன் சென்ற வாரம் ஒரு கூட்டத்திற்குப் போய், ஒன்றரை மணி நேரம் வாய் திறவாமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? மாலை இல்லை, சோடா இல்லை, தலைமையுரை இல்லை. பள்ளிக்கூட அறையொன்றில் நாலைந்து பெஞ்சு, இருபது பேர், ஒரு பாத்திரம் தேநீர். அவ்வளவுதான்!

துணைக்கு வரச் சொன்னவர் நம் தோழர் ஒருவர். ஆலைத் தொழிலாளி, பெயர் வேண்டாம். கொடி கட்டுவதில் முதல் ஆள். கூலி நாளில் வீடு திரும்புவதிலே கடைசி ஆள்! மதுவின் கேட்டைப் பற்றி அவர் எதிரே எத்தனை முறை முழங்கியிருக்கிறேன்! கை வலிக்கத் தட்டினார். கூட்டம் கலைந்ததும் நேரே கடைக்குப் போனார். மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ததும் உண்டு; அது மூன்று நாள் தாங்கிற்று.

அன்று அந்தப் பள்ளிக்கூட வாசலை இருமுறை தாண்டிப் போனார். "தெரிஞ்சவன் எவனாவது பாத்துட்டா?" என்றார். "கடை வாசலில் வரிசையில் நின்றபோது இந்த வெட்கம் எங்கே போயிருந்தது அண்ணே?" என்றேன். சிரித்துவிட்டார். உள்ளே போனோம்.

ஒருவர் எழுந்தார். தன் பெயரைச் சொன்னார். "நான் ஒரு குடிநோயாளி" என்றார். பிறகு தன் கதையைச் சொன்னார். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகலாகாது என்பது அவர்கள் வழக்கம், ஆகவே சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம். அவர் யாருக்கும் அறிவுரை கூறவில்லை. ஆனால் தரையைப் பார்த்தபடி இருந்த நம் தோழர், பாதிக் கதையில் தலையை நிமிர்த்தினார். என் பேச்சு எதற்கும் அவர் அப்படி நிமிர்ந்ததில்லை.

ஏன்? விடை அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் கிடக்கிறது. டயர்த் தொழிற்சாலைகளின் ஊர் அது. 1936-இல் குட்இயர் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் நடத்திய ஊர். அதற்கு முந்திய ஆண்டு, 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் அங்கே வந்து, வந்த காரியம் கெட்டு, கையில் காசின்றி ஓட்டல் கூடத்தில் நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் மதுக்கூடம், மறு பக்கம் தொலைபேசி! தொலைபேசியை எடுத்தார். பாதிரியார்களை அழைத்து, "என்னைப்போல் குடிகாரன் ஒருவன் இந்த ஊரில் உண்டா?" என்று விசாரித்தார். மருத்துவரைக் கேட்கவில்லை, போதகரைக் கேட்கவில்லை, குடிகாரனைக் கேட்டார்!

அதற்கு முன் நியூயார்க்கில் பல குடியர்களுக்கு அவர் உபதேசம் செய்திருந்தார், ஒருவரும் திருந்தவில்லை. "உபதேசத்தை நிறுத்து" என்றார் அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சில்க்வொர்த். ஆக்ரனில் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், கை நடுங்கும் அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம் என்று உட்கார்ந்தவர், ஆறு மணி நேரம் கழித்தே எழுந்தார். வில்சன் அவரைத் திருத்தப் பேசவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளத் தன் கதையைச் சொன்னார். நடுவில் ஒருமுறை பாப் சறுக்கினார். 1935 ஜூன் 10, அவர் கடைசியாகக் குடித்த நாள் என்பார்கள். அதையே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் சங்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சந்தா கிடையாது. குடியை விடும் விருப்பம் ஒன்றே தகுதி. உறுப்பினர் போடும் சில்லறையைத் தவிர வெளியார் பணத்தைத் தொடுவதில்லை. நன்கொடைச் சீட்டோடு அலையும் நமக்கெல்லாம் இது வியப்புத்தான்!

அவர்களுடைய 12 படிகளிலே கடவுள் வருகிறார். எனக்கு உறுத்திற்று, மறைப்பானேன்? 1939-இல் அவர்கள் புத்தகம் அச்சேறுமுன்பே நாத்திக உறுப்பினர்கள் வாதாடி, 'நாம் புரிந்துகொண்டபடியான' என்ற சொற்களைச் சேர்க்க வைத்தார்கள். 1975-இல் சிகாகோவில் நாத்திகருக்கென்றே தனிக்கூட்டம் தொடங்கிற்று. சொல்லோடு சண்டையிட்டு வாசலில் நிற்பதைவிட, உள்ளே போய் உட்காருவது மேல் என்பது என் கட்சி.

பயன் உண்டா என்பீர்கள். 27 ஆய்வுகளை ஒருங்கே எடைபோட்ட 2020-ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வறிக்கை, நோயாளியை முறையாக இக்கூட்டங்களுக்கு ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, குடியை அறவே விட்டிருக்கச் செய்வதில் மற்ற உளவியல் சிகிச்சைகளை முந்துகிறது என்றது. எல்லாரும் மீண்டார்கள் என்று அதற்குப் பொருளல்ல.

ஒரு எச்சரிக்கை. பல ஆண்டு நாள்தோறும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். கூட்டம் எங்கே நடக்கிறதென்று அங்கேயும் கேட்கலாம். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். வீட்டாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு. அண்ணியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் வெகுநேரம் பேசாமல் வந்தார். பிறகு, "யாரும் என்னைத் திட்டல தம்பி" என்றார். பேருந்து நிறுத்தத்தில், "அடுத்த வாரம் நீங்க வரவேணாம், நானே போய்க்கிறேன்" என்றார்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. கூலி சனிக்கிழமை. அந்த ஒரு மாலைக்காக, அங்கிருந்த இருவர் தம் தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.