கதிரை கேட்பது ஆசையா, அமானிதமா?

எங்கட பிள்ளைகள் சிலர் இன்று உளவியல் படித்து, ஆஸ்பத்திரிகளிலும் பாடசாலைகளிலும் உளவளத்துணை வேலை செய்கிறார்கள். அவர்களிடம் “உங்கட தொழில்சார் சங்கத்தில தேர்தல் கேட்டால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். கூச்சப்படுவார்கள். “பதவி ஆசை எண்டு சொல்லுவாங்க” என்பது ஒரு காரணம். பதவியைக் கேட்டுப் போவதை மார்க்கமே தடுத்திருக்கிறதே என்பது மற்றது. இரண்டையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு கூட்டம், தேத்தண்ணி, குரூப் போட்டோ என்றுதான் பலர் நினைக்கிறோம். யாரை உறுப்பினராகச் சேர்ப்பது, மாநாட்டை எந்த மொழிகளில் நடத்துவது, தொழில் ஒழுக்கக் கோவையில் எதை எழுதுவது, நாட்டுக்கு ஓர் அனர்த்தம் வந்தால் அரசாங்கத்துக்கு என்ன ஆலோசனை சொல்வது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. அந்த மேசையில் இல்லாதவரின் தேவை அறிக்கையிலும் வராது.

தென்னாபிரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அங்கே உளவியலாளர் சங்கம் 1948இல் தொடங்கியபோது அது வெள்ளையர் சங்கமாகவே இருந்தது. 1950களின் பிற்பகுதியில் ஜோசபின் நாயுடு என்ற இந்திய வம்சாவளிப் பெண் அங்கத்துவம் கேட்டு விண்ணப்பித்தார். அந்த ஒரு விண்ணப்பத்தின் மீது வருஷக் கணக்கில் வாதம் நடந்தது. வெள்ளையரல்லாதோரையும் சேர்க்கலாம் என்று சங்கம் முடிவெடுத்ததும், 1962இல் ஒரு கூட்டம் பிரிந்துபோய் வெள்ளையருக்கென்றே தனி நிறுவனம் அமைத்தது. அப்போது பிரதமராக இருந்த வெர்வூர்ட், முன்பு ஸ்டெலன்பொஷ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். மனதைப் படித்தவர் என்பதால் மட்டும் ஒருவரிடம் நீதி வந்துவிடாது.

டர்பனில் பிறந்த சதாசிவன் கூப்பர் கறுப்பு உணர்வு இயக்கத்தில் ஈடுபட்டு, ரொபன் தீவில் ஐந்து வருஷத்துக்கு மேல் சிறையிருந்தார். வெளியே வந்து உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1994 ஜனவரியில் நிறபேதமற்ற புதிய தென்னாபிரிக்க உளவியல் சங்கம் உருவானபோது அதைக் கட்டியெழுப்பியவர்களில் அவரும் ஒருவர். பிறகு அதன் தலைவரானார். 1889 முதல் நடந்துவரும் சர்வதேச உளவியல் மாநாடு 2012இல்தான் முதன்முறையாக ஆபிரிக்க மண்ணுக்கு, கேப்டவுனுக்கு, வந்தது. அதே வருஷம் சர்வதேச உளவியல் ஒன்றியத்தின் தலைவராக கூப்பர் தெரிவானார். ஒரு காலத்தில் அங்கத்துவப் படிவத்துக்கே இடமில்லாதிருந்த சமூகத்தின் பிள்ளை அவர்.

எங்கள் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிக்கவே வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. மௌத்தானவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, அடக்க முடியாமல் தவித்த குடும்பங்களின் துயரம் இன்னும் ஆறவில்லை. அடக்குவதால் ஆபத்தில்லை என்று 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கம் வெளிப்படையாகச் சொன்னது. பெப்ரவரி இறுதியில் தடை நீங்கியது. அந்த அறிக்கை மட்டுமே தடையை நீக்கவில்லைதான். ஆனாலும் நாங்கள் சொன்னால் உணர்ச்சி என்பார்கள், தொழில்சார் சங்கம் சொன்னால் அறிவியல் என்பார்கள்.

இனி மார்க்கத்துக்கு வருவோம். பதவியைக் கேட்க வேண்டாம், கேட்டுப் பெற்றால் அதன் பாரத்தோடு தனித்து விடப்படுவீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரழி) அவர்களுக்குச் சொன்ன உபதேசம் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அதேவேளை, பஞ்சம் வரப்போவதை அறிந்த யூஸுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டதை சூரா யூஸுபின் 55ஆம் வசனம் சொல்கிறது. பாதுகாக்கவும் தெரியும், அறிவும் உண்டு என்று தம் தகுதியையும் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்த உலமாக்கள், தகுதியுள்ளவர் பொதுநன்மைக்காகக் கேட்பதைக் குற்றமாகக் காணவில்லை. தடை இருப்பது நப்ஸுக்காகக் கேட்பதில்.

நப்ஸா, பொதுநன்மையா என்று அறிய ஓர் உரைகல் வேண்டும். அனலைதீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்காவற்றுறையிலிருந்து படகில் போகும் சின்னத் தீவு. மீன்பிடியும் தோட்டமும் பிழைப்பு. நித்திரையில்லாமல் தவிக்கும் ஒரு தாய் அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு வர, முதலில் படகு, பிறகு பஸ். கடல் குழம்பினால் அதுவும் இல்லை. போர்க்காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் தமிழிலேயே உளநலக் கையேடு எழுதி, ஊர் மட்டத்தில் ஆட்களைப் பயிற்றியது இப்படியானவர்களுக்காகத்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு புத்தளத்தில் முகாமில் வளர்ந்த எங்கட பெண்ணுக்கும் அதே தேவைதான்: தன் பாஷையில், தன் வழமை தெரிந்து கதைக்க ஓர் ஆள்.

முஸ்லிம் பெண்ணை மட்டும் நினைத்து அனலைதீவுத் தாயை மறப்பவர் கேட்பது தன் ஆட்களுக்கான பங்கு. இருவரையும் நினைத்துக் கேட்பவர் கேட்பது அமானிதம்.

ஆகவே படித்த பிள்ளைகளே, முதலில் சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். உபகுழுவில் யாரும் விரும்பாத வேலையை ஏற்றுச் செய்யுங்கள். வேலையைக் கண்டவர்கள் உங்கள் பெயரை முன்மொழியும்போது, கூச்சத்தை விட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.