கம்ப்யூட்டருக்கு ஒரு மாய வாசல்!

வீட்டில் புதிதாக ஒரு வாசல் வைப்பதென்றால் கொத்தனார், தச்சர், வாஸ்து பார்ப்பவர் என்று பெரிய செலவு. லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டருக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரு வரி தட்டினால் வாசல் முளைத்துவிடும்!

வாசல் என்று சொல்வது, செய்தி வந்து போகும் நெட்வொர்க் இண்டர்பேஸைத்தான். வை-பை அட்டை கையால் தொடக்கூடிய வாசல். தொட முடியாததும் உண்டு. ஒவ்வொரு லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் 'லோ' என்ற பெயரில், 127.0.0.1 என்ற விலாசத்துடன் ஒன்று இருக்கிறது. எதற்காக? கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கு! (சமையலறையில் நாமும் செய்வதுதானே?)

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு உபயோகப்படுவது 'வயர்கார்டு' என்னும் சுரங்க வாசல். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6-லேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த சமயம், பாருங்கள்!

முதலில் 'ஐ.பி.' கட்டளையால் வாசலை உண்டாக்கி, வழக்கப்படி 'டபிள்யூ.ஜி.0' என்று பெயர் வையுங்கள். ஆபீஸில் தந்த விலாசத்தை அதற்குக் கொடுங்கள். பிறகு சாவிகள். அந்தரங்கச் சாவி உங்களுடையது. பீரோ சாவி மாதிரி பத்திரம்! பகிரங்கச் சாவியை ஆபீஸுக்குத் தெரிவித்து, அவர்களுடையதை வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்ததில்தான் கவனம் வேண்டும். எந்தெந்த விலாசத்துக்குப் போகும் செய்தி இந்த வாசலில் நுழைய வேண்டும் என்று ஒரு ஜாபிதா கொடுக்க வேண்டும். ஜாபிதாவில் உள்ள விலாசத்துக்குப் போகும் செய்தியை உறையிலிட்டு முத்திரை வைத்துத்தான் வை-பை வழியே அனுப்பும். விட்டுப்போன விலாசமோ? சுரங்கத்தின் காவலில்லாமல் சாதாரண வாசலால் போய்விடும். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை எச்சரிக்காது. ஆபீஸ் சம்பளக் கணக்கைக் கையாளுகிறவர்கள் இதை இரண்டு தரம் சரிபார்ப்பது நல்லது.

இன்னொரு சங்கடம். கையால் தட்டி உண்டாக்கிய வாசல், கம்ப்யூட்டரை அணைத்ததும் மறைந்துவிடும். ஆகையால் விவரங்களை 'டபிள்யூ.ஜி.0' என்ற பெயரிலேயே ஒரு கோப்பில் எழுதிவைத்து, கம்ப்யூட்டர் விழிக்கும்போதே வாசலும் திறக்கும்படி உத்தரவு போட்டுவிட வேண்டும்.

வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? நிர்வாகியின் அதிகாரத்துடன் 'டபிள்யூ.ஜி.' என்று தட்டுங்கள். இரு முனைகளும் கடைசியாக எப்போது கைகுலுக்கின என்று ஒரு வரி வரும். வரவில்லையென்றால் சாவியில் ஓர் எழுத்துத் தவறியிருக்கிறதா என்று பாருங்கள். தெரியாத சாவிக்கு மறுமுனை வாயே திறக்காது!