மறைந்திருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷன்: ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் போடுவோரின் சந்தேகங்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனம் வராதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் பக்கம் பார்க்கிறார்கள். டாலியும் பிரின்டரும் விண்டோஸில்தான் ஓடுகின்றன என்பதால் அதையும் விட முடியாது, இரண்டும் வேண்டும். அப்போதுதான் லேப்டாப் கம்பெனி கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்த பகுதி வேலையைக் காட்டத் தொடங்குகிறது.

என் லேப்டாப்பில் சி டிரைவ் மட்டும்தான் தெரிகிறது. மறைந்த பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது?

டிரைவ் எழுத்து கொடுக்கப்படாததால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் எல்லாம் வரிசையாக நிற்கும். அங்கே ‘ரெக்கவரி’ என்ற பெயரில் இரண்டு இருக்கலாம். 500 எம்பி முதல் 1 ஜிபி வரை உள்ள சின்னது மைக்ரோசாஃப்டுடையது. விண்டோஸ் கிளம்பாதபோது பழுது பார்க்கும் திரை அதிலிருந்துதான் வருகிறது. 10, 15, 20 ஜிபி என இருக்கும் பெரியது லேப்டாப் கம்பெனியுடையது. வாங்கிய அன்று இருந்த நிலைக்கு மொத்தமாகத் திருப்பும் நகல் அதில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் பாதி வம்பு தொடங்குகிறது.

சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி செய்தேன். உபுண்டு இன்ஸ்டாலர் அதை ‘அன்யூசபிள்’ என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. உங்களுடையது பழைய எம்பிஆர் முறை டிஸ்க். அதன் முதல் 512 பைட்டுக்குள் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 பைட்தான் இடம். ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்றால் நான்கோடு கதை முடிந்தது. விண்டோஸ் 7 காலத்து எச்பி லேப்டாப்கள் பல, சிஸ்டம், சி, ரெக்கவரி, எச்பி டூல்ஸ் என நான்கும் நிரம்பியே கைக்கு வந்தன. காலி இடம் 100 ஜிபி இருந்தும் அதை எழுதி வைக்க அட்டவணையில் வரி இல்லை.

நான்கில் ஒன்று விலக வேண்டும். எதை விலக்குவது? பெரிய ரெக்கவரியைத் தொடாதீர்கள். பரிசோதனை மென்பொருள் இருக்கும் டூல்ஸ் பகுதியை பென் டிரைவில் நகலெடுத்துவிட்டு நீக்கலாம். அது டிஸ்கின் கடைசியில் இருந்தாலும் பரவாயில்லை. நமக்கு வேண்டியது அந்த இடம் அல்ல, அட்டவணையில் அது பிடித்திருக்கும் வரி. அந்த வரியில் ‘எக்ஸ்டென்டட்’ பார்ட்டிஷன் ஒன்றைப் போட்டு, உள்ளே ‘லாஜிக்கல்’ பார்ட்டிஷன்களை உருவாக்கினால் லினக்ஸ் மறுப்பின்றி அங்கிருந்து கிளம்பும்.

இதில் ஒரு பொறி உண்டு. காலி இடத்தில் விண்டோஸிலேயே புதிய பார்ட்டிஷன் போடப் பார்த்தால், ‘டைனமிக் டிஸ்காக மாற்றட்டுமா’ என்று கேட்கும். ‘நோ’ என்று சொல்லுங்கள். மாற்றிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர் தடுமாறும். பழைய நிலைக்குத் திருப்ப, விண்டோஸ் கருவி எல்லா பார்ட்டிஷனையும் அழிக்கச் சொல்லும்.

2012-இல் விண்டோஸ் 8-உடன் வரத் தொடங்கிய லேப்டாப்களில் பெரும்பாலும் ஜிபிடி முறை. விண்டோஸ் கணக்கில் அதில் 128 பார்ட்டிஷன் வரை போடலாம். இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. உங்களுடையது எது என்பதை, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ‘டிஸ்க் 0’ மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பகுதியில் பார்க்கலாம்.

லினக்ஸ் போட்டபின் பூட் மெனுவில் இரண்டு விண்டோஸ் தெரிகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

அவசரப்பட்டு எதையும் அழுத்த வேண்டாம். லினக்ஸின் கிரப் மெனு எல்லா பார்ட்டிஷனையும் துழாவி, விண்டோஸைக் கிளப்பும் கோப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அதையெல்லாம் பட்டியலில் சேர்த்துவிடும். ரெக்கவரியிலும் அந்தக் கோப்பு உண்டு. ஆகவே அதுவும் ‘விண்டோஸ் 7 லோடர்’ போன்ற பெயரில் நல்லபிள்ளையாக நிற்கும். சில லேப்டாப்களில் அதைத் தேர்ந்தெடுத்தால் கம்பெனியின் மீட்புத் திரை வரும். அங்கே என்ன ஏதென்று படிக்காமல் ‘நெக்ஸ்ட்’, ‘யெஸ்’ என்று தட்டினால் டிஸ்க் முழுவதும் கம்பெனி நிலைக்குப் போய்விடும். படங்கள், கணக்குகள், லினக்ஸ் எதுவும் மிஞ்சாது. தவறி உள்ளே போனால் ‘கேன்சல்’ கொடுத்து வெளியே வாருங்கள்.

மெனு வரியின் கடைசியில் எஸ்டிஏ1, எஸ்டிஏ3 என்று பார்ட்டிஷன் எண் இருக்கும். லினக்ஸுக்குள் போய் ஜிபார்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியில் அந்த எண்களின் அளவைப் பார்த்தால் எது ரெக்கவரி என்பது தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான சந்தேகமும் உண்டு: மெனுவில் விண்டோஸையே காணோம் என்பது. 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்ப வரும். அது எங்கும் போகவில்லை.

எஃப்11 அழுத்தினால் முன்பு மீட்புத் திரை வரும். இப்போது வரவில்லையே?

பழைய எம்பிஆர் லேப்டாப்கள் சிலவற்றில் அந்த விசையைக் கவனிக்கும் சிறு நிரல் டிஸ்கின் தொடக்கத்தில் இருக்கும். கிரப் அதன்மேல் எழுதிவிட்டது. ரெக்கவரி பத்திரமாகவே இருக்கிறது; தேவைப்படும் நாளில் கிரப் மெனு வழியாகத் தெரிந்தே அதற்குள் போகலாம்.

15 ஜிபி வீணாகத்தானே கிடக்கிறது? அழித்துவிட்டால் என்ன?

ஜிபிடி டிஸ்க் என்றால் அட்டவணை வரிக்காக அழிக்கக் காரணமே இல்லை. 128 ஜிபி எஸ்எஸ்டியில் இடத்துக்குத் திண்டாடுபவர்கள் முதலில் விண்டோஸின் ‘ரெக்கவரி டிரைவ்’ செயலியில், சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கும்படி டிக் செய்து, 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று தயாரிக்க வேண்டும். அதிலிருந்து லேப்டாப் கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே பெரிய பகுதியில் கை வைக்கலாம். சின்ன ரெக்கவரியை விட்டுவிடுங்கள். 2024 ஜனவரியில் வந்த பாதுகாப்பு அப்டேட் ஒன்று, அந்தப் பகுதியில் இடம் போதாமல் பல கணினிகளில் நின்றுபோனது. அதை 250 எம்பி பெரிதாக்கும் வழியை மைக்ரோசாஃப்டே வெளியிட வேண்டியதாயிற்று.

கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. கொடுக்கும் முன் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ‘ரெக்கவரியை அழிக்காமல் போடுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலே லேப்டாப் அந்த எண்ணைக் கேட்கக்கூடும். தொலைத்தவர்களுக்கு மைக்ரோசாஃப்டாலும் அதைத் திரும்பத் தர முடியாது.