டிரெக்கிங் போறீங்களா? கடைசியா நடக்கப்போறது யார்னு முதல்ல முடிவு பண்ணுங்க!

பத்துப் பேர் சேர்ந்து டிரெக்கிங் கிளம்பினா, முன்னால் போறதுக்குப் போட்டியே நடக்கும். கடைசியா யார் வரணும்னு மட்டும் யாரும் யோசிக்கறதில்லை. யாருக்கு மூச்சு வாங்குதோ, அவர் தானாகவே கடைசி ஆளாகிடுவார். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

முன்னால் போகிறவருக்குப் பாதை தெரியும், ஆட்கள் தெரியமாட்டார்கள். நடுவில் வருபவருக்கோ முன்னால் இருப்பவரின் ஷூவும் முதுகுப் பையும்தான் உலகம். 'அவருக்கு வழி தெரியும்'னு நம்பி, கிளைப்பாதையைக்கூட கவனிக்காமல் போய்க்கிட்டே இருப்பார். மொத்தக் குழுவையும் பார்க்க முடிவது கடைசி ஆளால் மட்டும்தான். யார் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார், யார் ரொம்ப நேரமா தண்ணீர் பாட்டிலைத் திறக்கவே இல்லை, வாய் ஓயாமல் பேசிட்டு வந்தவர் ஏன் திடீர்னு அமைதியாகிட்டார்... இதெல்லாம் பின்னால் இருந்துதான் தெரியும். அதனால, குழுவில் நல்ல தெம்பும் அனுபவமும் உள்ள ஒருவரைக் கடைசியில் விடுங்க. அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது.

மெதுவாக நடப்பவரை முன்வரிசைக்குக் கொண்டு வாங்க. வேகமா போறவங்க மேலே போய் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஓய்வெடுப்பாங்க. கடைசி ஆள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்ததும், 'சரி, கிளம்பலாமா?'னு எழுந்திருப்பாங்க. அதிகம் களைத்தவருக்கு ஓய்வே கிடைக்காது. இது எல்லா குரூப்பிலும் நடக்கிற அநியாயம்!

பாதை பிரியும் இடத்தில் கடைசி ஆள் கண்ணில் படும்வரை எல்லோரும் நிற்கணும். உங்களுக்குப் பின்னால் வருபவர் தெரியலைன்னா, நீங்களும் நில்லுங்க.

பின்னால் நடப்பவருக்கும் பொறுப்பு உண்டு. காலில் கொப்புளம், தலைசுற்றல், பாதை மேல் சந்தேகம்... எதுவானாலும் உடனே வாய் திறந்து சொல்லணும். கூச்சப்பட்டு அடக்கி வைத்தால், எல்லோரும் உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும்.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் காதுக்குத்தான் வேலை அதிகம். ஈரம் காயாத யானைச் சாணம், கிளை ஒடியும் சத்தம் இதையெல்லாம் வழிகாட்டி நமக்கு முன்பே கவனித்துவிடுவார். அவர் கையை உயர்த்தினால், காரணம் கேட்காமல் அப்படியே நில்லுங்க. புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் அவருக்கே எதுவும் கேட்காது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. கோடையில் காய்ந்த புல்வெளியில் புகை வாசம் வந்தால், அதை முதலில் உணர்ந்தவர் யாராக இருந்தாலும் சத்தமாகச் சொல்லணும். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாத டிரெக்கிங்கை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் தவிர்த்திடுங்க. 2024-ல் வனத்துறை 40 பாதைகளுடன் 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது; ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம்.

இறங்கும்போது எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்து வேகம் கூடிடும். ஆனா முட்டி நடுங்குவதும் கால் வழுக்குவதும் அப்போதுதான். வெள்ளியங்கிரிக்குப் போறவங்க கையில் மூங்கில் கம்பு இருப்பது சும்மா இல்லை. எத்தனை மணிக்குத் திரும்பணும்னு அடிவாரத்திலேயே பேசி வையுங்க. உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும், அந்த நேரம் வந்ததும் முன்னால் போகிறவர் திரும்பிடணும்.