எல்விஸ் வேடம் கட்டினால் குற்றமா?

எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்து மறைந்த மெம்பிஸ் நகரில், ஒரு பெண் அவரைப் போலவே உடையணிந்து மேடையேறினால் சட்டம் பாயுமா? பாயக்கூடும் என்று 2023 ஜூனில் தீர்ப்பெழுதியவர் ஓர் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி.

அந்த ஆண்டு மார்ச்சில், மெம்பிஸ் இருக்கும் டென்னசி மாநிலம் போட்ட சட்டத்தைச் செய்திகள் 'டிராக் தடை' என்றன; டிராக் என்பது எதிர்பால் வேடம் கட்டி ஆடுவது. சட்டத்துக்குள் அந்தச் சொல்லே கிடையாது. ஆண் வேடமோ பெண் வேடமோ கட்டுகிறவர்களை, ஆடை அவிழ்த்து ஆடுபவர்களோடு ஒரே வரிசையில் அது நிறுத்தியது. சிறுவர்களுக்குத் தீங்கான ஆபாசம் இருந்தால், பொது இடத்திலோ 18 வயதாகாதவர் கண்ணில் படும் இடத்திலோ ஆடக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. மறுபடி மீறினால் ஆறாண்டு வரை.

குழந்தைகளைக் காக்கத்தான் இது என்கிறார்கள் ஆதரிப்பவர்கள். அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் சிறுவர்களுக்கு ஆபாசம் காட்டுவது அங்கே முன்பே குற்றம். பிறகு வேடம் கட்டுகிறவரை மட்டும் தனியே சுட்டுவானேன்?

என்னைத் தூங்கவிடாதது சிறைத் தண்டனை அல்ல, பயம். சட்டம் வருவதற்கு முன்பே, 2022 அக்டோபரில், அதே மாநிலத்தின் ஜாக்சன் நகரப் பூங்காவில் நடக்கவிருந்த டிராக் நிகழ்ச்சி எதிர்ப்புக்குப் பணிந்து மண்டபத்துக்குள் போனது. பெரியவர்களுக்கு மட்டும் என்றானது. யாரையும் கைது செய்யவில்லை. செய்யத் தேவையே இருக்கவில்லை.

மெம்பிஸின் சிறு நாடகக் குழு ஒன்று வழக்குப் போட்டு வென்றது. தெளிவில்லாத, வரம்பு மீறிய சட்டம் என்றது அந்த ஜூன் தீர்ப்பு. 2024 ஜூலையில் மேல்முறையீட்டில் நீதிபதிகள் இருவர் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம்: உங்கள் நாடகம் இந்தச் சட்டத்துக்குள் வராது, ஆகவே வழக்குப் போட உங்களுக்குத் தகுதி இல்லை என்றார்கள் அந்த இருவரும். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. எது குற்றம் என்று எவரும் தெளிவாகச் சொல்லாமலே சட்டம் உயிரோடு நிற்கிறது. அரங்கை வாடகைக்கு விடுகிறவர் வம்பு எதற்கு என்று கதவைச் சாத்தினால், எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

இத்தகைய விதி புதிதல்ல. ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் தன் பாலுக்குரியதல்லாத உடையில் வெளியே வரக் கூடாது என்று 1848-இல் விதி போட்டார்கள். அதுவும் தெளிவில்லாத விதிதான். அப்படிச் சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய ஆண்டு 1975.