அரபும் எபிரேயமும் வழங்கும் நாடுகளில் உயர்கல்வி

ஆரணியில் பட்டு வணிகர் ஒருவருடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் ‘அசல்’, ‘பாக்கி’, ‘வசூல்’ என்னும் சொற்கள் பக்கந்தோறும் கண்ணிற்படும். மூன்றும் அரபு மொழியிலிருந்து வந்தவை. எங்கள் நெசவுத் தெருவில் அம்மொழி அறிந்தவர் ஒருவருமில்லை. ஆயினும் அதன் சொற்களின்றி அங்கே ஒரு நாளைய வரவு செலவும் நடைபெறாது.

அம்மொழி வழங்கும் நாடொன்றில் மருத்துவக் கல்விக்கு இடம் வாங்கித் தருவதாகத் தரகர் ஒருவர் எழுதிய கடிதம் சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது. “வாத்தியாரையா, படித்துச் சொல்லுங்கள்” என்று அதைக் கொணர்ந்தவர் எதிர்வீட்டு நெசவாளர். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மகளுக்காக, தாம் நெய்து கொடுக்கும் முதலாளியிடம் முன்பணம் வாங்கவும் அவர் துணிந்திருந்தார். முன்பணம் என்றால் என்னவென்று எங்கள் ஊரார் நன்கறிவர். அது தீருமட்டும் வேறொருவருக்குத் தறியில் உட்கார இயலாது. கடிதத்தில் கட்டடங்களின் படங்களும் கட்டணத்தின் தவணைகளும் அழகாக அச்சிடப்பட்டிருந்தன. எந்த மொழியில் பாடம் நடத்துகிறார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

மாணவ நண்பர்களே, மேற்கு ஆசியாவுக்கோ வட ஆப்பிரிக்காவுக்கோ கல்வியின் பொருட்டுச் செல்ல விரும்புவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. அரபு நாடுகள் பல. அவற்றின் வகுப்பறை மொழியும் ஒன்றன்று. 1866-இல் தோன்றிய பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஆங்கிலத்திற் கற்பிக்கிறது. அங்கிருந்து மலையைக் கடந்தால் டமாஸ்கஸ். அங்குள்ள பல்கலைக் கழகமோ மருத்துவத்தையும் அரபிலேயே கற்பித்து வருகிறது. எகிப்தின் அரசுக் கல்லூரிகளில் மருத்துவப் பாடம் ஆங்கிலத்தில் நடைபெறும். ஆனால், படுக்கையில் கிடக்கும் நோயாளி எங்கே வலிக்கிறது என்பதை அரபிலேதான் சொல்வார்.

எபிரேயத்தின் கதை இன்னும் வியப்பானது. பல நூற்றாண்டுகள் வழிபாட்டிலும் நூல்களிலும் மட்டுமே வாழ்ந்த மொழி அது. ஹைபா நகரில் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்துகொண்டிருந்தபோது, விஞ்ஞானத்தை ஜெர்மன் மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்று அதன் ஆட்சிக்குழு 1913-இல் முடிவு செய்தது. ஆசிரியரும் மாணவரும் வெகுண்டெழுந்து எதிர்த்தனர். இறுதியில் 1924-இல் அக்கல்லூரி எபிரேயத்திலேயே பாடந்தொடங்கியது. பயிற்று மொழி பற்றி விவாதிக்கும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வரலாறு இது என்பது என் கருத்து. இன்றும் இஸ்ரேலில் இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் எபிரேயத்தில் நடைபெறுகின்றன. வெளிநாட்டார் முதலில் ‘உல்பான்’ எனப்படும் மொழி வகுப்பிற் சேர்ந்து மாதக்கணக்கில் பயில வேண்டும். ஆராய்ச்சி மாணவர்க்கு அந்தக் கட்டாயம் இல்லை. ரெஹோவோத்திலுள்ள வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தில் ஆங்கிலமே பயிற்று மொழி; கட்டணமுமில்லை, உதவித்தொகையும் உண்டு. செங்கடற்கரையில் துவல் என்னுமிடத்தில் 2009-இல் திறக்கப்பட்ட சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும் முதுநிலைக்கும் ஆய்வுக்கும் அத்தகைய வசதியே அளிக்கிறது. அபுதாபியிலோ டெல்லி ஐ.ஐ.டி. 2024-இல் தன் கிளையைத் தொடங்கிவிட்டது. அங்கே பேரீச்ச மரத்தடியில் அமர்ந்து இந்தியப் பட்டமே பெறலாம்!

மொழியையும் சமய நூல்களையும் கற்கவே செல்வோர் வேறு வகையினர். அவர்களுடைய பாதை எங்கள் ஊருக்கு அண்மையிலேயே தொடங்குகிறது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியும், ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924-இல் நிறுவப்பட்ட தாருஸ்ஸலாமும் பல்லாண்டுகளாக அரபு கற்பிக்கின்றன. அத்தகைய கல்லூரிகளில் ஓதித் தேர்ந்தவரே கெய்ரோவில் பத்தாம் நூற்றாண்டில் எழுந்த அல்-அஸ்ஹருக்கும், 1961-இல் தோன்றிய மதீனா இஸ்லாமியப் பல்கலைக் கழகத்துக்கும் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். அங்கே முழுமையும் அரபுதான். அவர்களும் கெய்ரோவின் கடைத்தெருவில் சற்றே திகைத்து நிற்பதுண்டு. ‘என்ன வேண்டும்?’ என்பதற்கு நூலரபில் ‘மாதா துரீத்’ என்பர். கடைக்காரரோ ‘ஆயிஸ் ஏ’ என்பார். நமக்கு இது புதிதன்று. மேடைத் தமிழ் மட்டும் கற்ற அயல்நாட்டார் ஆரணிச் சந்தைக்கு வந்தால் அவருக்கும் இதே நிலைதான்.

மொழி கடினமோ என்று அஞ்ச வேண்டா. அரபுக்கு எழுத்து 28, எபிரேயத்துக்கு 22. இரண்டும் வலமிருந்து இடமாகச் செல்வன. க், த், ப் என்னும் மூன்று மெய்களைப் பாவாக நிறுத்தி, உயிரொலிகளை ஊடையாக ஓட்டினால், அரபில் ‘கிதாப்’ புத்தகமாகும். ‘காதிப்’ எழுதுபவர், ‘மக்தப்’ அலுவலகம். எபிரேயத்திலும் அதே வேர் ‘மிக்தாவ்’ என்று கடிதத்தைக் குறிக்கும். ஒன்றைக் கற்றவருக்கு மற்றதன் வாயில் பாதி திறந்தே இருக்கும். எருசலேம் எபிரேயப் பல்கலைக் கழகத்தில் அரபும் இஸ்லாமிய வரலாறும் பயின்ற டேவிட் சுல்மன், பின்னர் லண்டன் சென்று தமிழாய்வில் டாக்டர் பட்டம் பெற்று, அதே எருசலேமில் நம் மொழியைக் கற்பித்தவர். நாம் அங்கே செல்வதுபோல் அவர் இங்கே வந்தார்.

இனிச் சில இடர்கள். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டது; அதே ஆண்டு அக்டோபரில் இஸ்ரேலிலும் காசாவிலும் போர் மூண்டது. இரு முறையும் நம் அரசு இந்தியரை மீட்டுவர நேர்ந்தது. சூடான் மீட்புப் பணிக்குக் ‘காவேரி’ என்றே பெயரிட்டனர். ஆகவே புறப்படுமுன் இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். சென்றதும் அங்கே பெயரைப் பதிவு செய்யுங்கள். இஸ்ரேல் சென்றதற்கான அடையாளம் கடவுச்சீட்டில் இருந்தால் லெபனான் உள்ளே விடாது. இரு பக்கமும் கற்க எண்ணுவோர் இதையும் கருத வேண்டும். பட்டத்துக்கு இந்தியாவில் மதிப்பு உண்டா என்பதையும் முன்னரே கேட்டறிய வேண்டும். மருத்துவத்துக்கு விதி இன்னும் கடுமை. ‘நீட்’ தேர்ச்சி வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். பயிற்று மொழி ஆங்கிலமாகவே இருக்க வேண்டும்.

அதனால்தான் தரகரை விடுத்துப் பல்கலைக் கழகத்துக்கே நேராக எழுதினோம். மூன்று வாரங்கழித்து விடை வந்தது: முதல் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம், பிறகு அரபு. அந்தப் பட்டத்தைக் கொண்டு அந்தப் பெண் ஆரணிக்குத் திரும்பி ஒரு நோயாளிக்கும் மருந்தெழுத முடியாது.

நெசவாளர் முன்பணம் வாங்கவில்லை. பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவள் தாய் சொன்னாள். இப்போது அருகிலுள்ள கல்லூரியில் வேதியியல் பயில்கிறாள். பட்டுக்கு ஏற்றும் சாயத்தைப் பற்றி முதுநிலையில் ஆராய எங்கே இடமுண்டு என்று சென்ற வாரம் என்னைக் கேட்டாள். துவலுக்கும் ரெஹோவோத்துக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.